கை நனைக்காமல் தங்க ஓர் இடம்

சிவமயம்

வெம்பிளி,
17.09.2006

நாலாவது இடத்துக்கு மட்டும் ஏன் பிள்ளை நீ ஒரு குறையும் எழுதேல்லை?

நாங்கள் வந்து தங்க நீ பாத்து அனுப்பின மற்ற மூண்டு இடத்துக்கும் படத்துக்குப் பக்கத்திலை பேனையாலை எழுதியிருக்கிறாய். ஒண்டுக்கு, கல்லுப் பாதை, பெரியம்மாவுக்கு முழங்கால் நோகும். மற்றதுக்கு, குசினி இல்லை. அடுத்ததுக்கு, ஸ்ரேசனடி, சத்தம். நாலாவதுக்குப் பக்கத்திலை வெறும் வெள்ளைக் கடதாசி. லண்டனுக்கு வந்த நாளிலையிருந்து எத்தினை வீடு மாறியிருக்கிறம், குறை இல்லாத வீடு ஒண்டை நான் இன்னும் காணேல்லை. ஸ்பெயினிலை, உந்தக் கோர்டோபாவிலை மட்டும் அது எங்காலை வந்தது?

சரி, நெஞ்சுக்குள்ளை கிடந்ததை முதலிலை கேட்டுப்போட்டன். இனி முறையாய்த் தொடங்கிறன்.

என்ர அன்பு மகள் ஜதுர்ஷிகாவுக்கு, பெரியம்மா எழுதிறது. அம்பாளின்ர கிருபையாலை இங்கை எல்லாரும் சுகம். பெரியப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு, வாய்தான் இறங்கேல்லை. ரதீசன் அண்ணைக்கு இப்பவும் ஹீத்ரோவிலை விடியக்காலமை ஷிப்ட். உனக்குத் தெரியும்தானே, ஒக்டோபர் கடைசியிலை அவன் லீவு எடுத்து எங்கள் ரெண்டு பேரையும் அங்கை கூட்டிக்கொண்டு வரப்போறான். ரிக்கற்றும் எடுத்தாச்சு. வியாழக்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை திரும்பிறம். எங்கை படுக்கிறது எண்டதுதான் மிச்சம். அதை முடிவாக்கத்தான் இந்தக் கடிதம். ரெலிபோனிலை எண்டால் நீ என்னை இடையிலை மறிச்சுக் கதையை மாத்திப்போடுவாய். கடிதத்திலை நான் கதைச்சு முடியுமட்டும் நீ வாய் திறக்க ஏலாது.

முதல் இடம். அந்தப் பெரிய கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையிலை இருக்கிற ஹோட்டல். முந்திப் பள்ளிவாசலாய் இருந்து இப்ப தேவாலயமாய் இருக்கிற கோயில் எண்டு எழுதியிருக்கிறாய். உள்ளுக்கை ஆர் இருந்தாலும் நான் ஒரு கும்பிடு போட்டிட்டு வருவன், அதிலை எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஹோட்டலிலைதான் கரைச்சல். படத்தைப் பக்கத்து வீட்டுக் குமுதாவுக்குக் காட்டினன். அதுதான், மலேசியாக்காரி, கணக்கு ஒப்பீசிலை வேலை செய்யிறவள், வருசத்துக்கு ஒரு நாடு பாக்கப் போறவள். அவள் ஒருக்கா பாத்த உடனை, "அக்கா, கட்டில மட்டும் மூணு பக்கம் சுத்திச் சுத்தி எடுத்து வச்சிருக்கான், ஜன்னல எங்கயுமே காட்டலியே லா? இது ஜன்னல் இல்லாத ரூம்" எண்டு சொல்லிப்போட்டாள். நான் கட்டிலைத்தான் பாத்தனான். அதோடை கீழை சாப்பாட்டுக் கடை. முகட்டிலை பன்றிக்கால் வரிசையாய்த் தொங்குது. விடிய எழும்பித் திருநீறு பூசிக்கொண்டு படியிறங்கினால் முதல் தரிசனம் அதுதான். வேண்டாம்.

மூண்டாவது இடத்தையும் இப்பவே சொல்லிவிடுறன். ஸ்ரேசனுக்குக் கிட்ட இருக்கிற பிளாட். குசினி இருக்கு, லிப்ட் இருக்கு, எல்லாம் இருக்கு, ஆள் மட்டும் இல்லை. காசை முதலிலை அனுப்பவேணுமாம், கதவுப் பூட்டின்ர திறப்பை வாசலடிப் பெட்டியிலை நாங்களே எடுக்கவேணுமாம். வீட்டுக்காரன் ஆர், எப்பிடிப்பட்டவன், பெண்சாதி பிள்ளை இருக்கோ எண்டு ரதீசனைக் கேட்டன். அவன் கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு, "அம்மா, உங்களை ஒருத்தரும் கடத்த மாட்டினம். கடத்தினாலும் அடுத்தநாள் விடிய அவங்களே கொண்டுவந்து விட்டிடுவாங்கள், பயப்பிடாதேங்கோ" எண்டான். பெரியப்பா உதுக்குச் சிரிச்ச சிரிப்பைக் கேட்டிருந்தால் உனக்குத் தெரியும் நான் இந்த வீட்டிலை படுற பாடு. முகம் தெரியாதவன்ர வீட்டிலை நான் படுக்க மாட்டன். படுத்தாலும் நித்திரை வராது, ஆர் எந்தத் திறப்போடை வருவான் எண்டு கதவையே பாத்துக்கொண்டு கிடப்பன்.

ரெண்டாவது இடம் கன்னியாஸ்திரிமாரின்ர மடம். அது எனக்குப் பிடிச்சுக்கொண்டுது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சீலை, தலைமாட்டிலை ஒரு சிலுவை. சிலுவைக்கு நான் பயமில்லை, மடு மாதாவிட்டை நேர்த்தி வைச்சு நடந்து போனவள் நான். விருந்தாளியாய் ஆம்பிளையளையும் தங்க விடுவினமாம், இரவிலை வாசல் கதவை மட்டும் பூட்டிப்போடுவினமாம். பூட்டட்டும், பொம்பிளையள் இருக்கிற இடம் பூட்டித்தான் இருக்கவேணும். நீ "குசினி இல்லை" எண்டு குறை எழுதியிருக்கிறாய். நாலு நாளைக்குப் பாணும் பழமும் திண்டால் நான் செத்துப் போகமாட்டன்.

இனி நாலாவது இடம்.

போன மாதம் நீ முதல்முதல் சொல்லேக்கை என்ன சொன்னனி? "அது எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மான்ர வீடு பெரியம்மா, நல்ல ஆக்கள், சும்மாவே தங்கலாம்" எண்டாய். சும்மா எண்ட சொல்லைக் கேட்ட உடனையே எனக்கு ஐமிச்சம் தொடங்கீற்றுது. ஒரு கிழமைக்குக் கிட்ட, முன்னைப் பின்னைத் தெரியாத மூண்டு பேருக்கு, அதிலை ஒருத்தர் இரவு முழுக்கக் குறட்டை விடுற மனிசன், சும்மா கட்டில் போட்டுத் தர அந்த மனிசிக்கு என்ன தலையெழுத்து? நீ அங்கை பள்ளிக்கூடத்திலை இங்கிலீஷ் படிப்பிக்கப் போனனி. அந்த அம்மா படிக்கிற வயசுக்காரியும் இல்லை. பிறகு எப்பிடித் தெரிஞ்ச அம்மா?

பேந்துதான் வீட்டுப் படங்கள் வந்தது. வீட்டுக்கு நடுவிலை வானம் பாத்த முத்தம், சுவர் முழுக்க நீலச் சட்டியளிலை பூக்கண்டு. வடிவுதான், பொய் சொல்லக் கூடாது. பிறகு அறை, பிறகு குசினி. குசினிப் படத்தைப் பாக்கேக்கை எனக்கு ஏதோ தெரிஞ்ச முகத்தைக் கண்டமாதிரி இருந்துது. என்ர கண்ணாடியைப் போட்டன். அதுக்கு மேலை பெரியப்பான்ர கண்ணாடியையும் வைச்சுப் பாத்தன். அடுப்புக்கு மேல்தட்டிலை, எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்திலை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். போத்தலிலை காயத்துக்கு ஒட்டிற பிளாஸ்ரர். பிளாஸ்ரரிலை என்ர கையெழுத்து. தைப்பொங்கலுக்கு நீ வந்து திரும்பேக்கை நான் வறுத்து இடிச்சுத் தந்துவிட்ட கறித்தூள், பிள்ளை! உன்ர அறைக்குத் தந்த தூள் அந்த அம்மான்ர அடுப்படியிலை என்ன செய்யுது? அதுவும் பாதிக்குமேலை முடிஞ்சு போய்.

நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. படத்தைச் சாமியறையிலை வைச்சிட்டு உனக்கு ரெலிபோன் எடுத்தன். "அந்த அம்மாவுக்கு எத்தினை பிள்ளையள்?" எண்டு மட்டும்தான் கேட்டன். நீ "ஒரு மகன், பெரியம்மா" எண்டாய். "என்ன பேர்?" எண்டன். "றபாயேல்" எண்டாய். நீ அந்தப் பேரைச் சொன்ன விதத்திலையே எனக்கு எல்லாம் விளங்கீற்றுது. பிறகு நீ அழுதது, நான் கத்தினது, பெரியப்பா ஓடிவந்து "ஆர் செத்தது?" எண்டு கேட்டது எல்லாத்தையும் விடுவம்.

உன்னோடை நான் இப்ப கோபத்திலை எழுதேல்லை. ஆனால் விசயம் உனக்கு விளங்கவேணும். எங்கட ஆக்கள் சம்மந்தம் பேசப் போற வீட்டிலை, முடிவு சொல்லுமட்டும் கை நனைக்க மாட்டினம். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாலும் ஓம் எண்டு சொன்னமாதிரி. அந்த வீட்டிலை படுத்து, அந்த வீட்டுச் சோத்தைத் திண்டால் பிறகு நான் என்னத்தை யோசிக்கிறது, என்னத்தை விசாரிக்கிறது? நீ என்னைக் கூப்பிடுறது ஊர் பாக்க இல்லை. நான் அந்த வீட்டுப் படியேறினால் கதை முடிஞ்சுது எண்டு உனக்குத் தெரியும். அதாலைதான் மற்ற மூண்டுக்கும் நீயே குறை எழுதி, கடைசியிலை ஒரு வீட்டை மட்டும் மிச்சம் விட்டிருக்கிறாய். பெரியம்மா நாட்டுப்புறத்துப் பள்ளிக்கூடத்திலை படிச்சவள்தான், ஆனால் உந்தப் படிப்பு எனக்கும் தெரியும்.

ரதீசனுக்குப் பொம்பிளை பாக்க ஹவுன்ஸ்லோவுக்குப் போனது ஞாபகம் இருக்கோ? நீ அப்ப ஏ லெவல் சோதினை எண்டு வீட்டிலை நிண்டனி. போற வழியெல்லாம் பெரியப்பாவுக்குச் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனன், ஒண்டும் வாயிலை வைக்கக் கூடாது எண்டு. நான் அந்தப் பிள்ளையின்ர தாயோடை உள்ளுக்கை கதைச்சுப்போட்டு வெளியிலை வந்து பாத்தால் மனிசன் ரெண்டாவது றோல்ஸைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறார். "பசிச்சுதடி, சின்ன றோல்ஸ்தானே" எண்டார். அடுத்தநாள் விடிய அந்த வீட்டுத் தகப்பன் ரெலிபோன் எடுத்து, "சம்மந்தி, மண்டபம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்" எண்டார். அந்த றோல்ஸைக் கழுவ நான் எத்தினை பேரிட்டை மன்னிப்புக் கேட்டன். இண்டைக்கும் கலியாண வீடுகளிலை அவையள் என்னைக் கண்டால் சுவரைப் பாக்கினம். ரதீசன் இன்னும் தனியத்தான். றோல்ஸின்ர பாவம் எண்டுதான் நான் நினைக்கிறன். அந்த மனிசனைத்தான் நீ இப்ப ஒரு கிழமைக்கு அந்த வீட்டிலை விடச் சொல்லுறாய்!

போன வெள்ளிக்கிழமை நடந்ததையும் எழுதவேணும். கோயிலுக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறன், ரெலிபோன் அடிக்குது. எடுத்தால் ஒரு பொம்பிளைக் குரல், "வாங்கோ, வாங்கோ" எண்டுது. அதுக்குப் பிறகு கடகடவெண்டு ஒரு பாசை. நடுவிலை "ஜது, ஜது" எண்டது மட்டும் விளங்கிச்சுது. அப்பதான் பிடிபட்டுது றபாயேலின்ர தாய், அந்த டொலறஸ் அம்மா எண்டு. டொலறஸ் எண்ட பேரே எனக்குப் புதிசில்லை, ஊரிலை, கிறிஸ்தவ ஆக்கள் இருக்கிற பாசையூரிலை வீதிக்கு ஒரு டொலறஸ் இருந்தவை. ஆனால் பாசையூர் டொலறஸோடை நான் தமிழிலை கதைப்பன், இவவோடை என்னத்தைக் கதைக்கிறது? அவ கேள்வி கேக்கிறமாதிரி இழுத்து நிப்பாட்டுறா. பேசாமல் நிண்டால் மரியாதை இல்லையெண்டு நான் "ஓம், ஓம்" எண்டன். அவவுக்கு நல்ல புளுகம், சிரிச்சுச் சந்தோசப்பட்டா. இன்னொண்டு கேட்டா. அதுக்கும் ஓம் எண்டுபோட்டன். ரெலிபோனை வைச்சாப்பிறகுதான் எனக்கு யோசினை பிடிச்சுது. நான் எதுக்கெல்லாம் ஓம் சொன்னன் எண்டு தயவுசெய்து அவவிட்டைக் கேட்டு எழுது. கலியாண நாள் கீள் ஏதும் கேட்டவவோ? அதோடை, "வாங்கோ" எண்டு சொல்லக் குடுத்தது நீதானே? பக்கத்திலை நிண்டு சிரிச்சுக்கொண்டு இருந்தனியோ?

அந்தப் பொடியன் வெள்ளியிலை தோடு, சங்கிலி செய்யிறவர் எண்டாய். பெரியப்பா உடனை, "தகப்பன் என்ன ஆக்கள், தாய் என்ன ஆக்கள்?" எண்டு தொடங்கினார். "ஸ்பெயின்காரனிட்டைப் போய் உதைக் கேட்டால் பைத்தியம் எண்டு நினைப்பினம், வாயை மூடுங்கோ" எண்டு நான் மறிச்சன். நான் கேக்கிறது வேறை. குடிக்கிறவரோ? குடிச்சால் எப்பிடிக் குடிக்கிறவர்? தாய்க்கு முன்னாலை உன்னோடை எப்பிடிக் கதைக்கிறவர், தாய் இல்லாத நேரம் எப்பிடிக் கதைக்கிறவர்? நீ காய்ச்சலிலை கிடந்தால் ஆர் கஞ்சி வைக்கிறது? பங்குனியிலை உனக்குக் காய்ச்சல் வந்ததை நான் பேந்துதான் அறிஞ்சன். அப்ப ஆர் பாத்தது எண்டு கேட்டதுக்கு நீ மறுமொழி சொல்லேல்லை. இப்ப எனக்குக் கொஞ்சம் விளங்குது. விளங்கினாலும் நீ உன்ர வாயாலை எனக்குச் சொல்லியிருக்கவேணும்.

உன்ர அம்மாவைத்தான் நான் நெடுக யோசிக்கிறன். ஓகஸ்டிலை யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினாப்பிறகு ஒருக்காத்தான் லைன் கிடைச்சுது. அரிசி, மா எல்லாம் வரிசையிலை நிண்டுதானாம் வாங்கிறா. அந்தக் கஷ்டத்துக்குள்ளையும், "அக்கா, பிள்ளைக்கு ஏதும் சம்மந்தம் பாக்கிறியோ?" எண்டுதான் கேட்டவள். நான் "ஓம், பாக்கிறன்" எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல? உன்ர அப்பா கண்ணை மூடினாப்பிறகு, பத்து வயசிலை உன்னை என்ர கையிலை தந்துவிட்டவள். அவளாலை வந்து உந்த வீட்டைப் பாக்க ஏலாது, அந்தத் தாயின்ர முகத்தைப் பாக்க ஏலாது. என்ர கண்ணாலைதான் அவள் பாக்கவேணும். என்ர கண்ணும் ஏமாந்து போனால்? நாளைக்கு ஒரு சொல் வந்தால் அவள் என்னைத் திட்ட மாட்டாள், அதுதான் எனக்குப் பெரிய பயம். பேசாமல் இருந்திடுவாள்.

அண்டைக்கு நீ அழுதுகொண்டு, "நீங்களும் வராட்டி எனக்கெண்டு ஆரும் இல்லை பெரியம்மா" எண்டு சொன்னாய். அந்தச் சொல்லை இனிச் சொல்லாதை. நான் வரமாட்டன் எண்டு எப்ப சொன்னன்? வருவன். எங்கை படுக்கிறது எண்டுதான் கேக்கிறன்.

ஆனபடியால் நான் முடிவு எடுத்திட்டன். எங்களுக்குக் கன்னியாஸ்திரிமாரின்ர மடத்திலை ரெண்டு அறை சொல்லிவை. ஒண்டு எனக்கும் பெரியப்பாவுக்கும், மற்றது ரதீசனுக்கு. டொலறஸ் அம்மான்ர வீட்டுக்கு ஒருநாள் பின்னேரம் வருவம். முத்தத்திலை கதிரை போட்டு இருப்பம், பூக்கண்டைப் பாப்பம், கதைப்பம். நீதான் ரெண்டு பக்கத்துக்கும் சொல்லவேணும், ஒரு சொல்லையும் இனிப்பாக்காமல், ஒரு சொல்லையும் விழுங்காமல். பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டம். பெரியப்பாவுக்கு வெளிக்கிட முதலே வயிறு முட்டச் சாப்பாடு குடுத்துத்தான் கொண்டு வருவன். அவ மனம் நோகாதபடி இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசி. எங்கட முறை எண்டு சொல்லு. அவமதிக்கிறது இல்லை, மதிக்கிறபடியால்தான் கை நனைக்காமல் இருக்கிறம் எண்டு சொல்லு. கெட்டிக்கார மனிசியெண்டால் விளங்கிக்கொள்ளுவா. விளங்காட்டி அதுவும் எனக்கு ஒரு பதில்தான்.

குளிருக்கு உள்சட்டை போடு. அங்கை வெயில் எண்டு சொல்லி ஈரத்தலையோடை திரியாதை. வெள்ளிக்கிழமையிலை ஒரு விளக்காவது கொளுத்து, ஆரின்ர வீட்டிலை நிண்டாலும் பரவாயில்லை.

எங்கை இருந்தாலும் அம்பாள் உன்ர பக்கத்திலை இருக்கவேணும், உன்னை ஒருத்தரும் ஏமாத்திப் பேய்க்காட்டக் கூடாது எண்டு நெடுகக் கும்பிடுற,

உன்ர பெரியம்மா
கனகாம்பிகை சபாரத்தினம்

பி.கு.: கடிதத்தை மடிக்கேக்கைதான் ஞாபகம் வந்தது. இந்த முறை தீபாவளி வெள்ளன வருது. போன வருசமும் அதுக்கு முதல் வருசமும் நவம்பரிலை வந்ததாலை நான் அதே நினைப்பிலை இருந்திட்டன். அப்பிடியெண்டால் நாங்கள் அங்கை நிக்கிறது கந்தசஷ்டிக்கை. வந்து இறங்கிற நாளும் நான் விரதம். வெள்ளிக்கிழமை சூரன்போர். ரிக்கற்றை மாத்த ஏலாதாம், ரதீசனை எழுப்பிக் கேட்டிட்டன். விரதத்துக்குப் பாலும் பழமும் எங்கையும் கிடைக்கும். சனிக்கிழமைப் பாறணைதான் யோசினை. விரதம் முடிக்கிற சோத்தைக் கடையிலை வாங்கித் தின்னுறேல்லை, தனிய இருந்து தின்னுறதும் இல்லை. ஒரு வீட்டு அடுப்பிலை சமைச்சு, அந்த வீட்டு ஆக்களை இருத்திப் பரிமாறிப்போட்டுத்தான் நான் வாயிலை வைக்கவேணும். இறைச்சி படாத சட்டி ஒண்டு இருக்கோ எண்டு அந்த அம்மாவிட்டைக் கேள், இல்லாட்டி இங்கையிருந்து கொண்டுவாறன். அரிசியும் பருப்பும் கொண்டுவருவன். றபாயேலுக்கு உறைப்பு ஏலுமோ எண்டும் எழுது. பாறணைக்கு விடியமுதல் முழுகி உலை வைக்கவேணும், அந்த நேரம் மடத்துக் கதவு பூட்டியிருக்கும், அதை யோசிக்காமல் விட்டிட்டன். அப்ப வெள்ளிக்கிழமை இரவு நான் அங்கைதான் படுக்கவேணும்.